மோனா யார் என்று கடைசிவரை சொல்லாமல் விட்டது எப்படி நியாயம்? ('வேகபாண்ட்', 1985)

கொள்ளிடக்கரை எழுதியது:

பிரெஞ்சு இயக்குநர் அன்யெஸ் வார்தாவின் 'வேகபாண்ட்' படம் பார்த்தவர்கள் யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பெண் மோனா ஏன் வீட்டை விட்டு வந்தாள்? யார் பெற்ற பிள்ளை? வந்த பிறகும் ஏன் ஓரிடத்திலும் ஒட்டவில்லை? 105 நிமிடம் அவள் பின்னாலேயே போகிற படம் இதில் ஒன்றுக்குக்கூட வாய் திறக்கவில்லை. மறந்துபோய் விட்டிருந்தால் மன்னித்துவிடலாம். வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முடிவு முதல் காட்சியிலேயே வந்துவிடுவதால் கதையைச் சொல்வதில் தவறில்லை. தென் பிரான்ஸ், குளிர்காலம், இலை உதிர்ந்த திராட்சைத் தோட்டம். வெட்டிப்போட்ட கொடிகளைப் பொறுக்க வந்த தொழிலாளி ஒருவர் வாய்க்காலில் ஒரு இளம்பெண்ணின் உடலைப் பார்க்கிறார். இரவுக் குளிரில் விறைத்துச் செத்திருக்கிறாள். போலீஸ் வந்து விசாரிக்கிறது, படம் எடுக்கிறது, இயற்கை மரணம் என்று முடித்துக்கொள்கிறது. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. அப்புறம் இயக்குநரே தன் குரலில் பேசுகிறார். கடைசி நாட்களில் இவளைச் சந்தித்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் இந்தக் கதை என்கிறார். இவளைப் பற்றித் தனக்கே அதிகம் தெரியாது, கடலிலிருந்து வந்தவள் போலத் தோன்றுகிறது என்கிறார்.

அதற்குப் பிறகு சாட்சிகள் வரிசையாக வருகிறார்கள். லாரி ஓட்டுநர், ஆடு வளர்க்கும் ஒரு குடும்பம், மரங்களின் நோயை ஆராயும் ஒரு பேராசிரியை, துனீசியாவிலிருந்து வந்து கொடி வெட்டும் அசூன், ஒரு பெரிய வீட்டில் வேலை செய்யும் யோலாந்த். ஒவ்வொருவரும் மோனாவைப் பற்றிச் சொல்வதாக நினைத்துத் தங்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள். யோலாந்துக்கு அவள் காதலில் திளைத்தவள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்த சிறுமிக்கு அவள் சுதந்திரமானவள். பேராசிரியையின் உதவியாளனுக்கு அவளைப் பார்த்தாலே அருவருப்பு. சரி, இதுவரை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இவர்களில் ஒருவர்கூட உட்காரவைத்து, "உன் அம்மா இருக்கிறாரா, உடம்புக்கு என்ன, யாருக்காவது சொல்லி அனுப்பவா" என்று கேட்கவில்லையே. ஊர்க்காரர்கள் கேட்காதது அவர்கள் குணம். படம் எடுத்தவர் ஏன் கேட்கவில்லை? நமக்குக் கிடைப்பதெல்லாம், அவள் முன்பு செக்ரட்டரி வேலை பார்த்தாள், முதலாளிகளைக் கண்டால் பிடிக்காது என்ற துணுக்கு மட்டும்தான்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்றால், என் வேலை அப்படி. ஆதரவற்ற பெண்களுக்கான ஒரு இல்லத்தில் இருக்கிறேன். ரயில் நிலையத்திலிருந்தும் கோயில் வாசலிலிருந்தும் போலீஸ் மெமோவோடு கொண்டுவந்து விடுவார்கள். குளிக்கவைப்போம். சிக்குப் பிடித்துப் பாயாகிப்போன முடியை வெட்டுவோம். கால் புண்ணுக்கு மருந்து போடுவோம். மோனாவைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது அவள் மேல் அடித்த நாற்றத்தைத்தான். எங்களுக்கு அது முதல் அரை மணி நேரத்து விஷயம், அவ்வளவுதான். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். பதிவேட்டில் பெயர், ஊர், உறவு என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அதை நிரப்ப வேண்டும்.

நேராகக் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது, சிலர் சொல்ல மாட்டார்கள். அதனால் சுற்றி வளைத்துத்தான் போவோம். உங்கள் ஊரில் திருவிழா எந்த மாதம், சந்தை என்றைக்கு, குழம்புக்கு என்ன போடுவீர்கள், பஸ்ஸில் ஏறினால் எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பீர்கள். ஒரு அம்மா வந்தபோது பேச்சே இல்லை. சாப்பிடுவார், சுவரோரம் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் கையில் கிடைத்த செய்தித்தாளைச் சின்னச் சின்னச் சதுரமாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் தொடைமேல் வைத்து உருட்டி, நுனியைக் கட்டைவிரல் நகத்தால் உள்ளே மடக்கி, பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் சமையல் அக்கா பார்த்துவிட்டு, "இது பீடி சுத்துற கை" என்றார். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் என்று பிடித்துக்கொண்டு போனோம். அங்கே பீடிக் கடை வைத்திருப்பவர்களிடமும் பஞ்சாயத்துகளிலும் படத்தைக் காட்டிக் காட்டி, கடைசியில் அவர் தம்பியே வந்தார். தம்பியைக் கண்டதும் அந்த அம்மா முதலில் கேட்டது, "மாட்டுக்குத் தண்ணி வச்சியா?"

அதற்கு முன்னால் அவர் எங்களுக்கு 'பேசாத அம்மா'. அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வீடு, ஒரு மாடு, குழந்தை இறந்துபோன ஒரு வருடம், மருந்தை நிறுத்திய ஒரு மாதம் எல்லாம் இருந்தன. அந்த விவரம் தெரிந்ததால்தான் எந்த மருந்து, யார் பொறுப்பு, எங்கே அனுப்பலாம் என்று முடிவெடுக்க முடிந்தது. ஒரு பெண்ணின் முன்கதை எனக்கு அலங்காரப் பொருள் அல்ல. அது தெரிந்தால் அவள் பிழைப்பாள், தெரியாவிட்டால் பொதுக்குழிக்குப் போவாள். மோனா அங்கேதான் போனாள்.

ஆகவே என் கேள்வி இதுதான். ஒரு மனுஷியை இவ்வளவு சிதைந்த நிலையில் நம் முன்னால் நிறுத்திவிட்டு, 'எனக்கும் தெரியாது' என்று ஒரு இயக்குநர் சொல்வது மரியாதையா, கைகழுவலா? கலைப்படம் என்றால் விளக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டது? படித்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

*

அரியலூர் அரசு எழுதியது:

உங்கள் பக்கம்தான் நானும். ஸ்டீவ் மெக்வீனின் 'ஷேம்' (2011) பார்த்தபோது இதே ஆத்திரம் வந்தது. நியூயார்க்கில் நல்ல வேலை, நல்ல வீடு, அப்படியும் அதன் நாயகன் ஏன் இப்படித் தன்னைத்தானே தின்றுகொள்கிறான் என்று படம் சொல்லவே இல்லை. தங்கை வருகிறாள், அவளும் உடைந்துபோனவள். நாம் கெட்டவர்கள் இல்லை, வந்த இடம்தான் கெட்டது என்கிற மாதிரி அவள் ஒரு வார்த்தை விடுகிறாள். படம் முழுக்க நமக்குக் கிடைப்பது அந்த ஒரே வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையாவது இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மீதிப் படத்தைப் பார்க்க முடிந்தது. மோனாவுக்கு அதுகூட இல்லை.

*

ஒளிச்சட்டகம் எழுதியது:

அக்கா, உங்கள் வேலையைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் எங்கள் ஊர் திரைப்படச் சங்கத்தில் இந்தப் படத்தைத் திரையிட்டிருக்கிறேன். அன்றைக்கும் ஒருவர் எழுந்து இதையே கேட்டார். அப்போது நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை, இப்போது கொஞ்சம் தெளிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

விளக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் கிடையாது. விளக்கிய பெரிய படங்களே இருக்கின்றன. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து கொலைகாரன் நார்மன் பேட்ஸைப் பாடம் நடத்துவதுபோல் விளக்கிவிட்டுப் போகிறார். அந்தக் காட்சியை யாரும் காதலோடு நினைவு வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு அடுத்த நொடி தனியறையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் அந்த முகம்தான் நிற்கிறது. 'சிட்டிசன் கேன்' (1941) இன்னும் நெருக்கமான உதாரணம். அதிலும் செத்துப்போன ஒருவரைப் பற்றிப் பலர் சாட்சி சொல்கிறார்கள். கடைசியில் ஒரு பனிச்சறுக்குப் பலகையைக் காட்டி, இழந்த குழந்தைப் பருவம் என்று நம் கையில் ஒரு சாவியைக் கொடுக்கிறார்கள். வார்தா அதே அமைப்பை எடுத்துக்கொண்டு சாவியை மட்டும் தரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்தப் படம் எதையுமே விளக்கவில்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தொடக்கத்தில் அந்த உடலின் மேலும் துணியிலும் கருஞ்சிவப்புக் கறை இருக்கிறதே, அது ரத்தமா என்னவென்று நமக்குத் தெரியாது. கடைசிப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது, வைன் கசடு. அவள் பூட்ஸைக் கவனியுங்கள். நடக்க நடக்க ஜிப் போகிறது, அப்புறம் வாய் பிளந்து காலில் தொங்குகிறது. தங்கியிருந்த பாழடைந்த இடம் தீப்பிடித்ததில் அவள் மூட்டையெல்லாம் போய்விடுகிறது. மிஞ்சிய போர்வையும் வைன் கசடில் நனைகிறது. அதோடு ஒரு பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் படுத்துப் பார்க்கிறாள், குளிர் விடவில்லை, எழுந்து நடக்கிறாள், ஒரு குழாயில் கால் தட்டி வாய்க்காலில் விழுகிறாள். அவள் எப்படிச் செத்தாள் என்பதில் படம் ஒரு கண்ணியைக்கூட விடவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் யாரோ ஒருவர் நின்றிருக்கிறார், போகச் சொல்லியிருக்கிறார் அல்லது பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

ஆக வார்தா ஒரு கேள்வியை விட்டுவிட்டு இன்னொரு கேள்விக்கு முழுப் பதில் தந்திருக்கிறார். ஏன் கிளம்பினாள் என்பதை விட்டார். கிளம்பியவளுக்கு என்ன நடந்தது என்பதை எடுத்துக்கொண்டார். முன்கதை ஒன்று இருந்திருந்தால், சித்தி கொடுமை என்றோ அப்பன் குடிகாரன் என்றோ ஒன்று, நாம் எல்லோரும் அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருப்போம். ஆட்டுக்காரர், பேராசிரியை, மூக்கைப் பொத்திக்கொண்டவன் எல்லோருமே தப்பித்திருப்பார்கள்.

இன்னொன்று. பத்துக்கு மேற்பட்ட இடங்களில் கேமரா வலமிருந்து இடமாக, அவளோடு சேர்ந்தே நகரும். யொவானா புருஸ்டோவிச்சின் தந்தி இசை ஒலிக்கும். ஆனால் கேமரா அவளிடம் நிற்காது. அவளைத் தாண்டிப் போய் ஒரு மண்வெட்டியிலோ டயரிலோ வேலியிலோ முடியும். அடுத்த நகர்வு பெரும்பாலும் அதைப் போன்ற ஒன்றிலிருந்து தொடங்கும். எங்களாலும் இவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை என்று படமே ஒத்துக்கொள்கிறது. அதைக் கைகழுவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

வல்வையூரான் எழுதியது:

வணக்கம் அக்கா, தம்பி. நான் இருக்கிறது தென் பிரான்சில், மொன்பெலியே நகரத்துக்குப் பக்கத்தில். இந்தப் படம் எடுத்த நிலம் இங்கே சுற்றுவட்டாரம்தான், எரோ, கார் என்கிற இரண்டு மாவட்டங்கள். படத்தைப் பற்றி என்னைவிட நீங்கள் நல்லாகச் சொல்லுவீர்கள். இடத்தைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, அந்த வைன் கசடு. அது படத்துக்காக உண்டாக்கின சம்பவம் இல்லை. கூர்னொன்டெரால் என்ற ஊரில், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று பையாஸ் என்று ஒரு விழா நடக்கும். சாக்குக்குள் வைக்கோல் அடைத்து உடுத்திக்கொண்டு, வான்கோழி இறகும் மிருகத்தோலும் வைத்துக் கட்டிய ஆட்கள், வைன் கசடில் ஊறின துணியோடு தெருவில் ஓடுவார்கள். வெள்ளை உடுப்புப் போட்டவர்களைத் துரத்திப் பிடித்து அப்புவார்கள். அன்றைக்குத் தெருவில் நிற்கிற எவரும் அகப்படத்தான் செய்வார். ஊர்ச்சனத்துக்கு இது தெரியும், வீட்டுக் கதவு யன்னலையெல்லாம் மறைத்துக் கட்டிவிட்டு உள்ளே இருப்பார்கள். மோனாவுக்குத் தெரியாது. பாண் (ரொட்டி) தேடி ஊருக்குள் வந்தவள் அவள். ஊருக்கு விளையாட்டு, அவளுக்கு உயிர்ப்பயம். நான் இங்கே வந்த புதிதில் ஒரு மொழியும் விளங்காமல் சந்தியில் நின்றவன். அந்தத் தொலைபேசிக் கூண்டுக்குள் அவள் அலறுகிற காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியாது. வெளியாளுக்கு ஊர் எப்படி இருக்கும் என்று அந்த ஓரிடத்திலேயே எல்லாம் வந்துவிட்டது.

இரண்டாவது, அந்தப் பேராசிரியை ஆராய்கிற மரம். பிளதான் என்று சொல்லுவார்கள், இங்கே வீதிக்கு இரு பக்கமும் நிற்கும். அந்த நோயும் உண்மை. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம் அமெரிக்க இராணுவம் கொண்டுவந்த வெடிமருந்துப் பெட்டிகளின் பலகையில் இருந்த பூஞ்சைதான் காரணம் என்று சொல்லுகிறார்கள், படத்திலும் அந்த அம்மா அதையேதான் சொல்லுவார். 2006-இல் கனால் து மிதி என்கிற கால்வாயின் கரையிலும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் தறித்துவிட்டார்கள், எரித்தும் விட்டார்கள். ஒரு மரத்துக்கு வந்தால் பக்கத்தில் நிற்கிற நல்ல மரத்தையும் சேர்த்தே தறிப்பார்கள்.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், அந்த அம்மா மரத்துக்கு நோய் எங்கே இருந்து வந்தது, எந்த ஆண்டு வந்தது, எந்தத் துறைமுகத்தால் வந்தது என்று எல்லாம் அறிந்தவர். தன்னுடைய காரில் பக்கத்து ஆசனத்தில் இருக்கிற பெட்டையைப் பற்றி அந்தளவு கேட்கவில்லை. சாப்பாடு கொடுத்தார், காசும் கொடுத்தார், ஒரு காட்டோரமாய் இறக்கியும் விட்டார். அந்தக் காட்டில்தான் அவளுக்குப் பாலியல் கொடுமை நடந்தது. பிறகு தனக்கு மின்சாரம் தாக்கிச் சாகப் பார்த்த நேரம்தான் அவருக்கு மோனாவின் நினைப்பு வந்தது. அக்கா கேட்கிற கேள்வியைப் படமும் கேட்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. வேறொரு ஆளிடம் கேட்டிருக்கிறது.

அசூனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வேடத்தில் வந்தவர் நடிகர் இல்லை, தோட்டத்தில் உண்மையாகவே வேலை செய்தவர். எல்லாச் சாட்சியும் வாய் ஓயாமல் கதைக்கிற படத்தில் அவர் ஒருவர்தான் கதைக்கவில்லை. அவளுடைய சிவப்புக் கழுத்துத் துணியை முகத்தோடு வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார். அவரோடு வேலை செய்கிற மொரோக்கோ ஆட்கள் விடுமுறை முடிந்து வந்து, இந்தப் பெண் இங்கே இருக்கக் கூடாது என்றபோது அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதே ஆட்களோடு அதே கூரைக்குக் கீழே அவர் நாளைக்கும் படுக்க வேண்டும். நாங்களும் ஆறேழு பேர் ஓர் அறையில் இருந்தவர்கள். அவர் நிலை எனக்கு நல்லாக விளங்கும்.

*

கொள்ளிடக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. வல்வையூரான், அந்த விழா நிஜம் என்று தெரிந்ததும் காட்சியே வேறாகிவிட்டது. பேராசிரியையும் மரமும் பற்றிச் சொன்னது அப்படியே மனசில் உட்கார்ந்துவிட்டது. அதை எங்கள் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன்.

தம்பி ஒளிச்சட்டகம், நீங்கள் சொன்ன கண்ணிகள் எல்லாம் உண்மை. பூட்ஸைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அந்தக் கால் கண்ணில் நிற்கிறது. ஆனால் ஓரிடத்தில் உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. முன்கதை சொல்லியிருந்தால் எல்லோரும் வீட்டைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்திருப்பார்கள் என்கிறீர்கள். ஏன், வீட்டைக் கைகாட்டக் கூடாதா? எங்களிடம் வரும் பெண்களில் எத்தனையோ பேர் வீட்டில் நடந்ததால்தான் தெருவுக்கு வந்தவர்கள். நகையைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்ட அண்ணன் இருக்கிறான். பிரசவத்துக்குப் பின்னால் மனசு கலங்கியவளைப் பேய் பிடித்தவள் என்று கோயிலில் கட்டிப்போட்ட மாமியார் இருக்கிறார். சாலையில் சந்தித்தவர்கள் ஒரு வாரம், ஒரு நாள், ஒரு சவாரி மட்டும்தான் அவளோடு இருந்தார்கள். வீடு இருபது வருடம் இருந்தது. இருபது வருடத்தை விட்டுவிட்டு ஒரு நாள் சாப்பாடு போட்ட பேராசிரியையை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்தக் கணக்கு? வெடிமருந்துப் பெட்டிவரை மரத்தின் நோயைத் தேடிப் போகத் தெரிந்த படத்துக்கு, பெண்ணின் நோயைத் தேடி அவள் வீடுவரை போகத் தெரியவில்லையா என்றுதான் நானும் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'வீடு வேண்டாம், யாரும் வேண்டாம், என் இஷ்டம்' என்று மோனா சொன்னால் படம் அதை அப்படியே எழுதிக்கொள்கிறது. எங்களிடம் வரும் எல்லாப் பெண்களும் முதல் வாரம் அதைத்தான் சொல்வார்கள். நாலாவது வாரம் சொல்வது வேறு. மோனாவுக்கு எங்கேயும் நாலாவது வாரம் வரை இடம் கிடைக்கவில்லை. ஆட்டுக்காரர் வீட்டில் கிடைத்திருக்கலாம். பழைய கேரவானும் உருளைக்கிழங்கு போட நிலமும் கொடுத்தார். அவள் படுத்தே கிடந்தாள். அவர் தத்துவம் படித்தவர், சாலையிலேயே இருந்துவிட்ட தன் நண்பர்கள் செத்தார்கள், குடித்துச் சீரழிந்தார்கள் என்று நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். ஆனால் எழுந்திருக்காமல் படுத்துக் கிடக்கும் ஒரு பெண்ணை நான் பார்த்தால் சோம்பேறி என்று நினைக்க மாட்டேன். டாக்டரைக் கூப்பிடுவேன். அந்தக் காட்சியில் படமாவது 'இது நோயாக இருக்கலாம்' என்று ஒரு சின்னச் சைகை காட்டியிருக்க வேண்டும்.

*

ஒளிச்சட்டகம் எழுதியது:

அந்தக் கேரவான் காட்சியை நீங்கள் பார்த்த விதத்தில் நான் பார்த்ததே இல்லை. வேலை செய்ய மாட்டேன் என்கிற எதிர்ப்பாகத்தான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம், விமர்சனங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். வீட்டைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வார்தா சைகை காட்டியிருந்தால், உங்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கேள்வி வந்திருக்காதே அக்கா. டாக்டர் என்று ஒரு வார்த்தை படத்தில் வந்திருந்தால் 'ஓ, நோயாளி' என்று நாங்கள் மூடி வைத்திருப்போம்.

*

நீலாம்பரி எழுதியது:

இழையைத் தள்ளி நின்று படித்துக்கொண்டிருந்தேன். யாரும் லிதி பாட்டியைப் பற்றிச் சொல்லவில்லையே என்று உள்ளே வந்தேன்.

கண் சரியாகத் தெரியாத பணக்காரக் கிழவி. சொத்துக்காகச் சொந்தக்காரப் பையனே அவர் எப்போது வீட்டைக் காலி செய்வார் என்று காத்திருக்கிறான். வேலைக்காரி யோலாந்த் இல்லாத நேரத்தில் மோனா அந்த வீட்டுக்குள் வருகிறாள். இருவரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பிராந்தி குடிக்கிறார்கள். பாட்டி அவளிடம் பெயர், ஊர், ஏன் வந்தாய் எதுவும் கேட்பதில்லை. மோனாவும் திருடவில்லை, முறைக்கவில்லை. இருவரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். மோனாவாக நடித்த சாந்த்ரின் பொன்னேர் படம் முழுக்க ஒரு கல் முகத்தோடு வருவார், அந்த இடத்தில் மட்டும் சின்னப் பெண்ணாகிவிடுவார். 1967-இல் பிறந்தவர், படம் எடுக்கும்போது 17 வயதுதான். அடுத்த வருடம் சிறந்த நடிகைக்கான சேசார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருதை வாங்கினார். எனக்கு அந்தச் சிரிப்பு ஒன்றுக்கே கொடுக்கலாம் என்று தோன்றும்.

கொள்ளிடக்கரை, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர், ஊர், உறவு என்ற கட்டங்களை நிரப்பும் வேலைக்கு நடுவே, எதையும் கேட்காமல் சும்மா கூட உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் உங்கள் இல்லத்தில் இருக்கிறாரா?

*

கொள்ளிடக்கரை எழுதியது:

குறையாக எடுத்துக்கொள்ளவில்லை நீலாம்பரி. இருக்கிறார், பீடி சுற்றும் கையைக் கண்டுபிடித்த அதே சமையல் அக்காதான். வெங்காயம் உரிக்கும்போது நாலைந்து பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர் யாரிடமும் எதுவும் விசாரிக்க மாட்டார், மருமகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டே உரிப்பார். கவுன்சலர் அறையில் வாயே திறக்காதவர்கள் அங்கே பேசுவார்கள். அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அவர் காதில் விழுந்ததை அன்று சாயங்காலம் என்னிடம் வந்து சொல்லிவிடுவார், நான் எழுதிக்கொள்வேன். லிதி பாட்டிக்குப் பின்னால் எழுதிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. யோலாந்த் திரும்பி வந்ததும் மோனா மறுபடியும் தெருவில்தான் நின்றாள்.

பொங்கல் கழிந்து எங்கள் ஊழியர்களுக்கு ஒரு மாலை இந்தப் படத்தைப் போட்டுக்காட்டலாம் என்று இருக்கிறேன். ஆங்கில சப்டைட்டில் எங்கள் அக்காமார்களுக்குச் சரிவராது. ஒளிச்சட்டகம் தம்பி, நீங்கள் திரையிட்டபோது தமிழில் வரிகள் தயாரித்தீர்களா? இருந்தால் தனிமடலில் அனுப்புங்கள். இல்லையென்றால் நானே பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனமாகச் சொல்லிவிடுகிறேன், வசனம் அப்படி ஒன்றும் அதிகமில்லை.